சின்ன வகுப்புக்கு யார் போவது?

ஏப்ரலில் பள்ளித் தேர்வுகள் முடிகிற சமயத்தில் எங்கள் பக்கத்துச் சேகரங்களில் ஒரு கூட்டம் நடக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆசிரியர்களைப் பிரித்துவிடுகிற கூட்டம் அது. நோட்டீஸில்தான் அந்த நீளமான பெயர், வாயில் வருவது வி.பி.எஸ். என்பதே. சேகரகுரு ஐயரவாள் நடுவில் உட்கார்ந்திருப்பார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும் சுற்றி இருப்பார்கள். பெரிய வகுப்புக்கு யார் என்று கேட்டதும் நாலைந்து கை உயரும். கல்லூரி முடித்தவர், மேடையில் பேசிப் பழகியவர், கித்தார் வாசிக்கிறவர் எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். கடைசியில் மழலையர் வகுப்பு மிஞ்சும். “சின்னப் பிள்ளைகதானே, ரெண்டு பாட்டுப் பாடி உக்கார வச்சிருந்தா போதும்” என்று சொல்லி, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிற ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்துவிடுவார்கள். அவளும் மறுக்க முடியாமல் தலையாட்டுவாள்.

இது மாற வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லிவருகிறேன். சபையில் அதிகம் அனுபவப்பட்டவர் எவரோ அவர் மழலையர் வகுப்புக்குப் போகட்டும், அந்தப் பெண் அவருக்குத் துணையாக இருக்கட்டும். பெரிய வகுப்புப் பையனுக்கு ஆசிரியர் சரியாக அமையாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவனோடு பேசிப் பொழுதைக் கழித்துவிடுவான். வேதாகமத்தை வீட்டில் தானே எடுத்துப் படிக்கவும் அவனுக்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வழி எதுவும் இல்லை. கோயில் என்றாலும், பாடம் என்றாலும், கடவுள் என்றாலும் அதற்கு எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு ஆள்தான்.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லியே என் உத்தியோக காலம் முழுதும் போயிற்று. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும் மே மாதம் வந்தால் மழலையர் வகுப்பில்தான் இருப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த வி.பி.எஸ். எப்படித் தோன்றியது என்பதை நம் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஹோப்டேல் என்ற சிற்றூரில் 1894-இல் ஒரு போதகரின் மனைவி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி நான்கு வாரம் வேதபாடம் நடத்தினார். அவர் பள்ளி ஆசிரியையும்கூட. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் நேரம் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்பது அவருடைய குறை. 1898-இல் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார் இதே வேலையைத் தொடங்கினார். நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கோடை முழுதும் தெருவிலேயே கிடந்தார்கள். அவர்களுக்காக அந்த அம்மையார் வாடகைக்குப் பிடித்த இடம் ஒரு மதுக்கூடம். பாட்டு, வேதக்கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு என்று அங்கே நடந்ததைத்தான் இன்று நாமும் நடத்துகிறோம். 1901-இல் ராபர்ட் போவில் என்பவர் அதை ஓர் இயக்கமாக்கி நகரின் பல சபைகளுக்குக் கொண்டுபோனார்.

போக்கிடம் இல்லாத பிள்ளைக்கு ஓர் இடம் தர வேண்டும் என்ற நினைப்பில் பிறந்த காரியம் இது. எங்கள் ஊருக்கும் அது அப்படியே பொருந்தும். ஏப்ரல், மே என்றால் பனைக்குப் பருவ காலம். பனையேறிகளின் குடும்பங்கள் விளையில் குடிசை போட்டுத் தங்கிவிடும். அப்பா விடியுமுன் மரத்தில் இருப்பார். அம்மா பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்ற அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பள்ளிக்கூடமும் கிடையாது, மதியச் சத்துணவும் கிடையாது. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அதன் அக்காள். அவளுக்கே எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும்.

அந்த அக்காள் இடுப்பில் தம்பியோடு வி.பி.எஸ்.ஸுக்கு வருவாள். தம்பிக்கு இரண்டு வயது. மூன்று வயது முடிந்தால்தான் சேர்க்கலாம் என்று விதி. பெயர் பதிகிற மேசையில் இருக்கும் வாலிபர், “பாப்பா, இவன வீட்ல விட்டுட்டு வா” என்பார். அவள் திரும்பிப் போவாள், மறுபடி வரமாட்டாள். விட்டுவிட்டு வர வீட்டில் யாரும் இல்லை. அப்படிப்பட்ட அக்காளைத் திருப்பி அனுப்பாதீர்கள். தம்பியை வாங்கி நம் மடியில் வைத்துக்கொள்ளலாம். அவன் பாயில் படுத்துத் தூங்கட்டும். அந்த மூன்று மணி நேரம் அவள் ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்துவிட்டுப் போவாள். எந்த விதியை எப்போது தளர்த்தலாம் என்று தெரிந்த ஒருவர் அந்த வகுப்பில் இருந்தால்தான் இது நடக்கும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்த அதிகாரமும் கிடையாது, துணிவும் வராது.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தை இந்தக் கோணத்தில் வாசித்துப் பாருங்கள். குழந்தைகளைத் தூக்கிவந்தவர்களை அதட்டியவர்கள் வெளியாட்கள் அல்ல, இயேசுவோடு கூடவே நடந்த சீஷர்கள். பெரிய போதகம் நடக்கிற இடத்தில் குழந்தைக்கு என்ன வேலை என்று நினைத்தார்கள். இயேசு கோபப்பட்டார். பிறகு அந்தக் குழந்தைகளுக்கு அவர் பாடம் எடுத்ததாகவோ, வசனம் சொல்லிக்கொடுத்ததாகவோ மாற்கு எழுதவில்லை. அணைத்துக்கொண்டார், கை வைத்து ஆசீர்வதித்தார், அவ்வளவுதான் இருக்கிறது. மழலையர் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பில் பாதிப் பேர் அழுவார்கள். அம்மாவைப் பிரிந்து வேற்றிடத்தில் உட்காருவது சில பிள்ளைகளுக்கு அன்றுதான் முதல் தடவை. ‘அம்மா போகட்டும், கொஞ்ச நேரத்துல சரியாயிரும்’ என்று கையைப் பிரித்து இழுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. அம்மா இரண்டு நாள் கூடவே உட்காரட்டும். மூன்றாம் நாள் வாசற்படியில் இருக்கட்டும். பிறகு போகலாம். போகும்போது கண்ணில் படாமல் நழுவக் கூடாது, “போயிட்டு சுண்டல் நேரத்துக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். சொன்னது சொன்னபடி நடந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத்தான், வாக்குத் தவறாத ஒருவரைப் பற்றி நாம் சொல்லும் கதை பிடிபடும்.

பெயரை முதல் நாளிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு முந்தின வாரமே வீடு வீடாகப் போய்வர வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்றிருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். சின்னப் பிள்ளை வீட்டுப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கும். சட்டையில் குத்தும் அட்டையில் எழுத்து மட்டும் போட்டால் அதற்குப் புரியாது. மயில், ஆமை, மாம்பழம் என்று ஆளுக்கொரு படம் வரைந்து ஒட்டிவிட்டால் தன் அட்டை எது என்று தானே ஓடிப்போய் எடுத்துக்கொள்ளும். நாற்காலி போட்டு உட்காராதீர்கள். முழங்கால் வலிக்கிறவர்கள் சுவரில் சாய்ந்தாவது பாயில் உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தே ஒரு வாரத்தைக் கழிக்கும்படி பிள்ளையை வைத்திருக்கக் கூடாது.

இனி கதைக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் நாளுக்கொரு கதை, நாளுக்கொரு வசனம் என்று போட்டிருப்பார்கள். பெரிய வகுப்புகளுக்கு அது சரி. மழலையருக்கு வாரம் முழுதும் இரண்டு கதை போதும் என்பது என் தீர்மானம். நேற்றுச் சொன்ன கதையை இன்றும் கேட்பதில் அந்த வயதுக்கு அலுப்பே கிடையாது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் நம்மைத் திருத்தும். நான் அதிகம் சொன்னது லூக்கா 15-இல் வரும் காணாமற்போன ஆட்டின் கதை. நூறு ஆடு, தொண்ணூற்றொன்பது ஆடு என்ற கணக்கெல்லாம் நாலு வயதுக்கு ஏறாது. ‘நிறைய ஆடு, அதுல ஒண்ணக் காணோம்’ என்றால் போதும். துணியில் தைத்த ஆட்டுக்குட்டி ஒன்றை ஹாலுக்குள் ஒளித்து வைத்துவிட்டு எல்லாருமாகத் தேடுவோம்.

ஒரு வருஷம் அந்தக் கதை நடுவில் ஒரு பையன் எழுந்து நின்றான். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. “ஆச்சி, எங்க ஆடு ஒண்ணு காணாமப் போச்சி. எங்க அப்பா ராத்திரி பூரா தேடுனாவ. கிடைக்கல” என்றான். வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. “சரி சரி, உக்காரு, நம்ம கதையில கிடைச்சிரும்” என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடலாம், நேரமும் மிச்சமாகும். நான் கதையை அங்கேயே நிறுத்தினேன். அந்த ஆடு என்ன நிறம் என்று கேட்டேன். கறுப்பு, நெற்றியில் வெள்ளை என்றான். கொம்பு இருந்ததா, யாரோடு படுக்கும், உன் பின்னால் வருமா என்று மற்றப் பிள்ளைகளே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று முழுதும் அந்தக் கறுப்பு ஆட்டைப் பற்றித்தான் பேசினோம், படமும் வரைந்தோம். மறுநாள் நான் வாயைத் திறக்குமுன் அவனே, “இன்னைக்கு அந்த ஆட்டுக் கதையச் சொல்லுங்க, கிடைச்சுருமே, அந்த ஆடு” என்றான்.

தேடின அப்பாவை அவன் வீட்டிலேயே பார்த்திருக்கிறான். அந்த உவமையின் உயிர் ராத்திரி பூரா தேடுவதில் இருக்கிறது. கிடைக்காமற்போன ஆட்டுக்கு விளக்கம் சொல்ல நான் முயலவில்லை. தெரியாததற்கு விளக்கம் சொல்லாமல் கூட உட்கார்ந்திருக்க நாள்பட்ட பழக்கம் வேண்டும். சின்ன வகுப்புக்குப் பழுத்தவர்கள் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

வசனமும் அப்படியே. யோவானின் முதல் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் கடவுளின் அன்பைச் சொல்லும் மூன்று சொல் வசனம் ஒன்று இருக்கிறது. வாரம் முழுதும் அது ஒன்று போதும். 1868-இல் ஜோசையா ஸ்பையர்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர், வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் அதே வாசகத்தை மணலில் பெரிதாக எழுதி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் சிப்பியும் கடற்பாசியும் வைத்து அலங்கரிக்கச் சொன்னார். ஸ்கிரிப்சர் யூனியன் என்று நாம் அறிந்திருக்கும் ஊழியத்தின் தொடக்க நாட்கள் அவை. நம் தேரியில் செம்மண்ணுக்குக் குறைவில்லை, புளியங்கொட்டைக்கும் குறைவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் கொட்டைக்குப் பதில் பூவரசு இலையைக் கொடுங்கள், கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயது அது.

பாட்டுக்கு ஒலிபெருக்கி வேண்டாம். பென் டிரைவில் போட்டு அலறவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கை தட்டி, கும்மி அடித்துப் பாடினால் போதும். குறவஞ்சி என்ற நம் ஊர்க் கூத்து வடிவத்திலேயே வேதத்தைப் பாடலாம் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் காட்டிவிட்டுப் போன வேதநாயக சாஸ்திரியார் பக்கத்துப் பாளையங்கோட்டையில் பிறந்தவர்தானே.

கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் நரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ‘இயேசுவை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க’ என்று கேட்காதீர்கள். அந்த வயதில் ‘ஐஸ் யாருக்கு வேணும்’ என்று கேட்டாலும் எல்லாக் கையும் உயரும். அந்தக் கைகளை எண்ணி அறிக்கையில் போடுவது பிள்ளைக்கும் மரியாதை இல்லை, கடவுளுக்கும் மரியாதை இல்லை. நெருப்புக் கடல் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி அலறி எழுந்த பிள்ளைகளின் அம்மாமார் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். பயத்தின் வழியாகக் கடவுளை அறிந்த பிள்ளை பெரியவனான பிறகும் அந்தப் பயத்தைத்தான் கடவுள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அதை அழித்து எழுதுவது லேசில்லை.

எங்கள் வகுப்புக்கு இந்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், சில வருஷங்களில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும். பக்கத்து வீட்டு அம்மா நம்மை நம்பி அனுப்புகிறார். என்ன கதை சொல்வோம், என்ன பாடுவோம் என்பதை அந்த அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். அவர்கள் வீட்டுச் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை தாழ்வாக நம் வாயில் வரக் கூடாது. பொட்டை அழி, கயிற்றைக் கழற்று என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரை வகுப்பிலிருந்து அனுப்பிவிட வேண்டும் என்பேன். தன் அம்மா வைத்துவிட்ட பொட்டு தப்பு என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வது அதன் அம்மாவைத் தப்பு என்று சொல்வதுதான். அன்பைப் பற்றிய வசனத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு அதன் கீழே இதைச் செய்ய முடியாது.

வெயிலும் சாப்பாடும் எல்லாரும் அறிந்ததே. கத்திரி தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது. ரஸ்னாவுக்குப் பதில் மோரோ பானகமோ கொடுக்கலாம். முழு நிலக்கடலையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். சுண்டலையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். கடலையோ பாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை யார் என்று பெயர் பதியும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் நெளிகிற பிள்ளையை அடையாளம் காணவும், பாயை நனைத்துவிட்டால் மற்றவர்கள் சிரிக்குமுன் பேச்சை மாற்றி அதைத் தூக்கிப் போகவும் ஒருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி நம் சபைகளில் பேசக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படக் கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அவர் மூப்பரானாலும் ஊழியக்காரரானாலும் சரி. கழிப்பறைக்கு அழைத்துப் போவது பெண் ஆசிரியர், அதுவும் இரண்டு பேராக. வகுப்பு முடிந்ததும் யார் வந்து கூட்டிப் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது தெரிந்துகொண்ட ஒவ்வொருவரின் கடமை. சபைக்குள் பேசி முடித்துக்கொள்ள அதில் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஹால் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். இதையெல்லாம் பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே நின்று சொல்லவும் வயதும் அனுபவமும் உள்ளவர்தான் அந்த வகுப்பில் வேண்டும்.

கடைசி நாள் நிறைவு விழாவில் முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று மழலையருக்கும் கொடுப்பதை நான் தலைமை வகித்த இடங்களில் நிறுத்திவிட்டேன். வசனம் சொல்லாத பிள்ளைக்கு வசனம் தெரியாது என்று அர்த்தமில்லை. வாரம் முழுதும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை ஒருத்தி, வீட்டில் கோழிக்குஞ்சுகளை வரிசையாக நிறுத்தி வைத்து அத்தனை பாட்டையும் பாடிக்காட்டியதை அவள் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பரிசு மேடையில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு சின்னப் பொருள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குனிந்து கையில் கொடுத்தால் போதும். தொப்பியும் கொடியுமாகத் தெருவில் போகிற பவனியில் மழலையரை நடக்கவிடாதீர்கள். கோயில் வாசலில் வேப்பமர நிழலில் நின்று அவர்கள் பவனியைப் பார்க்கட்டும்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணை நான் மறக்கவில்லை. அவள் கூடவே இருக்க வேண்டும். அழுகிற பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்போது தூக்காமல் விடுவது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் படிக்க முடியும், பயிற்சி முகாமில் மூன்று மணி நேரம் குறிப்பெடுத்தால் வராது. முதல் வருஷம் பார்க்கட்டும். அடுத்த வருஷம் கதையை அவள் சொல்ல, நாம் பின்னால் உட்கார்ந்து கேட்போம். அவளுக்கு முழு வகுப்பையும் கொடுக்கும் காலம் வரும்போது, தனக்கு ஒரு துணைப் பெண் வேண்டும் என்று அவளே கேட்பாள்.

வி.பி.எஸ். முடிந்த மறுவாரம் ஒரு வேலை பாக்கியிருக்கிறது, பெரும்பாலான சபைகள் அதை விட்டுவிடுகின்றன. பெயர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும். இரண்டாம் நாளோடு நின்றுவிட்ட பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் போங்கள். துணைப் பெண்ணையும் கூட்டிப் போங்கள். விளைக்குப் போய்விட்டார்கள் என்றால் விளைக்கே நடந்து போங்கள், காலையில் போனால் பதநீர் தராமல் விடமாட்டார்கள். மே முடிவதற்குள் இதை முடித்துவிடுங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் அம்மாமார் யாரையும் நின்று பேசப் பிடிக்க முடியாது.